கண்மாய்க் கரையில் ஒரு படக்கருவி

செட்டிநாட்டுச் சிற்றூர்களுள் அரியக்குடி பலவகையாலும் பெயர் பெற்றது. அங்குள்ள திருவேங்கடமுடையான் கோயிலைத் தென்திருப்பதி என்று மக்கள் போற்றுவர். 1890-ஆம் ஆண்டில் பிறந்த இராமானுச ஐயங்கார் தம் இசையால் அவ்வூரின் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்தார். அவ்வூரில் வார்க்கப்படும் பித்தளைக் குத்துவிளக்குகள் பல இல்லங்களில் ஒளி தருகின்றன. ஆயினும், புகைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வைகறையில் அவ்வூரின் எல்லையில் நிற்பவர் கண்ணுக்கு முதலிற் படுவன கோயிலும் விளக்கும் அல்ல. செம்மண் நிலமும், அதன்மேல் ஓங்கிய பனைகளும், மழைக்குப்பின் நிறைந்த கண்மாய்களுமே முதலில் தோன்றும். அங்கிருந்து காரைக்குடி, குன்றக்குடி, திருப்பத்தூர் வழியாக மேலூரை நோக்கிச் செல்லும் சாலை, நிலக்காட்சிகளையும் காட்டுயிர்களையும் படம் பிடிக்க விரும்புவோர்க்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் ஆகும்.

இப்பயணத்திற்கு உரிய காலம் கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் வறண்ட சீமை அது. பேராறுகள் அதன் வயல்களை நனைப்பதில்லை. ஆதலின் முன்னோர் ஊர்தோறும் கண்மாய்களையும் ஊருணிகளையும் அமைத்து மழைநீரைத் தேக்கினர். கோடையில் வெடித்துக் கிடக்கும் அதே நிலம், மழை பெய்த இரு திங்களுக்குள் கொக்கும் நாரையும் நிறைந்த நீர்ப்பரப்பாகிவிடும். மழை பொய்த்த ஆண்டில் அப்பறவைகளும் வாரா.

புறப்படுவோர் கதிரவன் எழுவதற்கு முன்னரே புறப்படுதல் வேண்டும். சோம்பலை நீக்குவதற்காக மட்டும் கூறப்படும் அறிவுரை அன்று இது. கதிரவன் அடிவானத்தில் இருக்கும்பொழுது அதன் ஒளி காற்று மண்டலத்தின் ஊடே நெடுந்தொலைவு கடந்து வருகிறது. அவ்வாறு வருகையில் நீல ஒளி மிகுதியாகச் சிதறிவிட, செம்மையும் பொன்மையும் எஞ்சி நிற்கின்றன. ஒளி பக்கவாட்டில் விழுவதால் நிழல்கள் நீண்டு, மேடு பள்ளங்கள் தெளிவாகத் தோன்றுகின்றன. செம்மண் கரையின் ஒவ்வொரு வரியும், பனையின் ஒவ்வொரு கணுவும் அப்போது உருவம் பெறும். நண்பகலிலோ நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அதே நிலம் தட்டையாக, வெளிறிய துணிபோலத் தோன்றும். செட்டிநாட்டின் செம்மண்ணை நண்பகலில் படம் எடுத்துவிட்டு, “இதில் என்ன அழகு இருக்கிறது?” என்று கேட்பவர் நிலத்தைக் குறை கூறுகிறார், குறை அவர் எழுந்த நேரத்தில் உள்ளது.

காரைக்குடியைக் கடந்ததும் சாலையோரத்து மின்கம்பிகளே பறவைகளின் அரங்கு ஆகின்றன. கரிச்சான் தன் பிளந்த வாலை அசைத்து அமர்ந்திருக்கும். பச்சைப் பஞ்சுருட்டான் பறந்து சென்று பூச்சியைப் பற்றி, மீண்டும் பழைய இடத்திற்கே வந்து அமரும். பனங்காடை அமர்ந்திருக்கும்பொழுது மங்கிய பழுப்பாகத் தோன்றினும், எழுந்து பறந்தவுடன் அதன் சிறகுகளில் இருவகை நீலங்கள் பளிச்சிடும். உடைமரத்து அடியில் கௌதாரிக் கூட்டம் மேயும். அவை அசையாது நிற்பின் செம்மண்ணும் சருகும் கௌதாரியும் ஒன்றாகவே தோன்றும். கிணற்றின்மேல் சாய்ந்த மரத்திலோ பனையோலையின் நுனியிலோ தூக்கணாங்குருவியின் கூடுகள் தொங்கும். இவற்றை யெல்லாம் காண்பதற்கு வண்டியின் விரைவைக் குறைத்தல் ஒன்றே போதும். எண்பது கிலோமீட்டர் விரைவில் செல்பவர்க்கு அச்சாலையில் பறவையே இல்லை.

ஈண்டு ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். வண்டி நின்றவுடன் பறவை பெரும்பாலும் பறப்பதில்லை. வண்டியின் கதவு திறந்து மனிதன் இறங்கி நிமிர்ந்தவுடன் பறந்துவிடும். சாலையோரத்து உயிர்கள் வண்டிகளை நாள்தோறும் கண்டு பழகியவை. இருகாலில் நிமிர்ந்து தம்மை நோக்கி நடந்து வரும் உருவத்தையே அவை பகையாகக் கருதுகின்றன. ஆதலால், தேர்ந்த படப்பிடிப்பாளர் வண்டியைச் சாலையின் ஓரத்தில் பாதுகாப்பாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, பலகணியின்மீது ஒரு சிறு மணல்மூட்டையை வைத்து, அதன்மேல் தொலைநோக்கு வில்லையைத் தாங்கச் செய்து, உள்ளிருந்தபடியே படம் எடுப்பர். இயந்திரத்தை அணைக்காவிடில் அதன் நடுக்கம் வில்லையிலும் ஏறிப் படத்தைக் கலங்கச் செய்யும்.

குன்றக்குடியில் முருகன் கோயில் கொண்ட குன்று சாலையினின்றே தோன்றும். அதற்கு மயூரகிரி என்றும் பெயர் உண்டு. அதன் சுற்றுப்புறத்துத் தோட்டங்களில் மெய்யான மயில்களும் திரிகின்றன. 1963-ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயிலைப் படம் பிடிப்பது எளிது எனப் பலர் எண்ணுவர். தோகை விரித்த மயிலைப் படம் பிடிப்பதே அவர்களுடைய விருப்பம். ஆனால், அறுவடை முடிந்த வயலில் பெடைகளும் குஞ்சுகளுமாக அவை இரை பொறுக்கும் காட்சி, தோகையைவிடப் பல செய்திகளைக் கூறும். பிள்ளையார்பட்டியின் குடைவரைக் கோயிலையும் அதன் பின்னுள்ள பாறையையும் வழியிற் கண்டு செல்லலாம்.

புகைப்படக் கருவியும் நெடும்பயணமும் இச்சீமைக்குப் புதியன அல்ல. காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டில் பிறந்த ஏ. கே. செட்டியார், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலையைப் பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய பழைய படச்சுருள்களைத் தேடி உலகின் பல நாடுகளுக்கும் சென்று, அவற்றைத் தொகுத்து 1940-ஆம் ஆண்டில் முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டார். பயணக் கட்டுரைகள் பல எழுதினார்; ‘குமரி மலர்’ என்னும் இதழை நெடுங்காலம் நடத்தினார். இத்தனை நாடுகளைச் சுற்றிய அவர் தம் எழுத்தில் தம்மை முன்னிறுத்திக் கொள்ளாதவர் என்பது குறிப்பிடத்தக்கது. பிறரையும் பிற இடங்களையும் காட்டுவதே தம் தொழில் என்று அவர் கருதினார். காட்டுயிர்ப் படப்பிடிப்பு அவர் துறை அன்று. ஆயினும், அத்துறையில் புகுவோர் முதலிற் பழக வேண்டிய பண்பு அதுவே.

காட்டுயிர்ப் படப்பிடிப்பின் வரலாறு, மனிதன் தன்னை மறைத்துக்கொள்ளக் கற்ற வரலாறு எனலாம். 1839-ஆம் ஆண்டில் புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டபொழுது, ஓர் உருவம் பதிவதற்குப் பல நிமிடங்கள் ஆயின. கட்டடமும் மலையும் அசையாது நின்றன, பறவை நிற்குமா? ஆகவே, பல்லாண்டுகள் வரை செத்துப் பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும், கூண்டில் அடைபட்டவற்றையுமே படம் எடுத்தனர். இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர், 1892-ஆம் ஆண்டில் ஒரு பறவையின் கூட்டையும் அதிலிருந்த முட்டைகளையும் இயற்கையான இடத்திலேயே படம் பிடித்தனர். பின்னர் அவர்கள் எருதின் தோலைக் கொண்டு உள்ளே வெற்றிடமான போலி எருது ஒன்றைச் செய்து, அதனுள் கருவியோடு புகுந்து நின்று, மேய்ச்சல் நிலத்துப் பறவைகளைப் படம் எடுத்தனர். எருதைக் கண்டு அஞ்சாத பறவைகள் அதன் அருகிலேயே இரை தேடினவாம். ஒரு படத்திற்காக மனிதன் எருதின் வயிற்றினுள் மணிக்கணக்கில் குனிந்து நின்றதை நினைப்பவர்க்கு நகைப்பு வரலாம். ஆயினும், துன்பத்தைத் தாம் ஏற்றுக்கொண்டு பறவையை அதன் போக்கில் விட்டனரே, அது நகைப்பிற்குரியதன்று.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடியாக விளங்கியவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரத்தை எழுதிய அ. மாதவையாவின் மகனாக 1912-ஆம் ஆண்டில் பிறந்த இவர், எழுத்தாலும் ஓவியத்தாலும் படத்தாலும் காட்டுயிர்களை மக்களுக்கு அறிமுகம் செய்தார். வெவ்வேறு கருவிகளின் பகுதிகளை ஒன்றாக இணைத்துத் தமக்கென ஒரு பெரிய படக்கருவியை அமைத்துக்கொண்டார். காடுகளில் நடந்தும், பழக்கிய யானையின்மீது அமர்ந்தும் காட்டு யானைகளையும் காட்டெருமைகளையும் மான்களையும் படம் எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படங்களே அவர் மிகுதியும் எடுத்தவை. 1950-ஆம் ஆண்டில் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புகள், 1996-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் இடையறாது வெளிவந்தன. புலியையும் யானையையும் பற்றி எழுதிய அதே கையால் அணிலையும் காக்கையையும் வீட்டுப் பல்லியையும் பற்றியும் எழுதினார். அரிய உயிரே படத்திற்குரியது என்னும் எண்ணம் அவரிடம் இல்லை. மின்கம்பியில் அமர்ந்த கரிச்சானைப் பொறுமையாகக் கண்டறியாதவர் காட்டிற்குச் சென்று புலியைக் காண்பதால் பெறும் பயன் சிறிதே.

திருப்பத்தூரைத் தாண்டி மேலூர்ச் சாலையில் சென்றால் வேட்டங்குடி வரும். அரியக்குடியிலிருந்து அவ்விடம் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இருக்கும். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய கண்மாய்களைச் சேர்த்து 1977-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தனர். அதன் மொத்தப் பரப்பு 38.4 எக்டேர், நாட்டின் பெரிய சரணாலயங்களோடு ஒப்பிட்டால் அது ஒரு கைப்பிடி நிலமே. ஆயினும், நல்ல மழை பெய்த ஆண்டில் அக்கண்மாய்களின் நடுவிலுள்ள கருவேல மரங்கள் இலை தெரியாதபடி பறவைகளால் நிறைந்துவிடும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, சாம்பல் நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், இராக்கொக்கு எனப் பலவகைப் பறவைகள் அங்கே வருகின்றன. இவை யாவும் கடல் கடந்து வரும் வெளிநாட்டுப் பறவைகள் என்று பலர் கூறுவதுண்டு. அது சரியன்று. மரங்களில் கூடு கட்டும் நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் பெரும்பாலும் நம் நாட்டிற்கே உரியவை. மழையும் நீரும் இரையும் உள்ள இடத்தைத் தேடி இடம் பெயர்பவை. நம் பறவைகளை அயலார் என்று கூறி வரவேற்கும் வழக்கம் எப்படியோ பரவிவிட்டது.

நத்தைகுத்தி நாரையின் அலகை உற்று நோக்குவோர் ஒரு வியப்பைக் காண்பர். அலகின் நுனிகள் சேர்ந்திருக்கும். நடுவில் மட்டும் ஓர் இடைவெளி இருக்கும். வளர்ந்த பறவைக்கே அவ்விடைவெளி உண்டு; குஞ்சின் அலகில் அது இராது. சேற்று நத்தைகளைப் பற்றி, ஓட்டினுள் இருக்கும் சதையைப் பிரித்தெடுப்பதற்கு ஏற்ப அதன் அலகு அமைந்துள்ளது. வயல்களில் நத்தை பெருகாமல் காக்கும் அப்பறவை உழவர்க்கு நண்பன். மேலும், மரங்களின் கீழுள்ள நீரில் விழும் எச்சம் அந்நீரை உரமுள்ளதாக்குகிறது. செங்கற்பட்டுச் சீமையிலுள்ள வேடந்தாங்கல் மக்கள் இவ்வுண்மையை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். தம் ஏரிப் பறவைகளை எவரும் சுடலாகாது என்பதற்கு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அக்காலத்துக் கலெக்டரிடம் உரிமை பெற்றனர்.

கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் இதனினும் ஒரு படி மேலே சென்றனர். தீபாவளிப் பண்டிகை வரும் காலமும் பறவைகள் கூடு கட்ட வரும் காலமும் ஒன்றையொன்று அடுத்து வருகின்றன. வெடியோசை கேட்டுப் பறவைகள் கலைந்து எழுவதைக் கண்ட அவ்வூரார், வெடி வெடிப்பதையே விட்டுவிட்டனர். அரை நூற்றாண்டிற்கும் மேலாக அவ்வழக்கம் நிலவி வருகிறது. தீபாவளிக்கு மட்டுமன்று, திருவிழாவிற்கும் பிற நிகழ்ச்சிகளுக்கும் அங்கே வெடிச் சத்தம் கேட்பதில்லை. இதனைப் பாராட்டி வனத்துறையினர் ஊர் மக்களுக்கு இனிப்பு வழங்கி வருகின்றனர். பெரியோர் ஒரு வழக்கத்தை விடுவது அத்துணை அரிது அன்று. அண்டை ஊர்ச் சிறுவர் மத்தாப்பும் வாணமும் கொளுத்தி மகிழும் இரவில், வெறுங்கையோடு இருக்கும் சிறுவரின் பொறுமையே பெரிது.

அத்தகைய ஊரின் கண்மாய்க் கரையில்தான் படக்கருவியோடு வருபவர் நிற்கிறார். அவர் துப்பாக்கி கொண்டு வரவில்லை. வலை கொண்டு வரவில்லை. ஆகவே, தம்மால் எத்தீங்கும் இல்லை என்று அவர் எண்ணக்கூடும். உண்மை அத்துணை எளிதன்று.

காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பொழுதில், ஒருவர் மிக அருகிலிருந்து படம் எடுக்க விரும்பிக் கண்மாயினுள் இறங்கி மரத்தை நோக்கி நடக்கிறார் என்று கொள்வோம். கூட்டில் இருந்த தாய்ப்பறவை எழுந்து பறக்கிறது. அதனைக் கண்டு அடுத்த கூட்டுப் பறவையும் எழுகிறது. சில நொடிகளில் மரம் முழுவதும் வெறிச்சோடுகிறது. நூற்றுக்கணக்கான பறவைகள் ஒருங்கே வானில் எழும் அக்காட்சி படத்திற்கு மிகவும் அழகாக இருக்கும். ஆனால், கீழே கூடுகளில் நிகழ்வது வேறு. நாரைக் குஞ்சுகளுக்குப் பிறந்த சில நாட்கள் வரை வெயிலைத் தாங்கும் ஆற்றல் இல்லை. தாயோ தந்தையோ சிறகை விரித்துக் குடைபோல நின்று அவற்றிற்கு நிழல் தருகின்றன. அந்நிழல் அகன்றால் குஞ்சு வெயிலில் வாடும். முட்டையினுள் இருக்கும் கருவும் கெடும். காக்கைகளும் பருந்துகளும் அருகிலுள்ள மரங்களில் காத்திருக்கின்றன. பெற்றோர் இல்லாத கூட்டை அவை நொடியில் அறிந்துகொள்ளும். அஞ்சிய குஞ்சு கூட்டின் விளிம்பிற்கு வந்து நீரில் விழுவதும் உண்டு. படம் எடுத்தவர் அரைமணி நேரத்தில் கரையேறி, வண்டியில் அமர்ந்து, தாம் எடுத்த படத்தைக் கண்டு மகிழ்வார். கூட்டில் நிகழ்ந்தது அவர் படத்தில் இராது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனைத் தெளிவாக உணர்ந்து இயற்றப்பட்டது. காட்டுயிரைக் கொல்லுதல், பிடித்தல் என்பவற்றோடு, காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைத்தலையும் அச்சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லின் பொருளுள் அடக்கியுள்ளது. அதாவது, சட்டத்தின் கண்ணில், கூட்டைக் கலைத்துப் படம் எடுப்பவரும் வேட்டையாடுபவரே. சரணாலயத்தினுள் படம் எடுப்பதற்கு வனத்துறையின் இசைவும் வேண்டும்.

அவ்வாறாயின் படம் எடுப்பது எங்ஙனம்? கரையில் நின்றே எடுக்கலாம். நானூறு மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள வில்லை, கண்மாயின் நடுவிலுள்ள மரத்தைப் போதிய அளவு அருகே கொணரும். அத்தகைய வில்லை இல்லாதவர், பறவையை அதன் மரத்தோடும் நீரோடும் வானத்தோடும் சேர்த்துப் படம் எடுக்கலாம். தாளை நிரப்பும் பறவையின் முகத்தைவிட, அது வாழும் இடத்தோடு கூடிய சிறு உருவம் பல நேரங்களில் மேலான படமாகும். அவர் முக்காலியை ஊன்றி ஓரிடத்தில் அசையாது அமர வேண்டும். முதற் பத்து நிமிடம் பறவைகள் கழுத்தை நீட்டி அவரையே நோக்கும். பின்னர் அவரைக் கரையில் கிடக்கும் கல்லாகக் கருதித் தம் தொழிலைத் தொடங்கும். ஒரு நாரை குச்சியைக் கவ்விக்கொண்டு வரும். துணை அதனை வாங்கிக் கூட்டில் செருகும். பிடிக்காத குச்சியை எடுத்து எறிவதும் உண்டு. இவையே படம். இவற்றை விரட்டிப் பெற முடியாது.

வெள்ளைப் பறவைகளைப் படம் எடுப்போர் ஒளியின் அளவிலும் கருத்துடன் இருத்தல் வேண்டும். கருவியிலுள்ள ஒளிமானி எதனையும் இடைப்பட்ட சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுவது. கருநிற நீரின்முன் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், மானி நீரின் கருமையைக் கண்டு ஏமாந்து ஒளியை மிகுதியாக விட்டுவிடும். கொக்கின் இறகுகள் வரியின்றி வெறும் வெண்மையாகிவிடும். ஆதலின் ஒளியைச் சிறிது குறைத்து எடுக்க வேண்டும். பறக்கும் பறவைக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ திறப்பு இருந்தால்தான் சிறகின் அசைவு உறைந்து நிற்கும். இக்கணக்குகள் எல்லாம் சில வாரப் பழக்கத்தில் கைவந்துவிடும். அசையாது அமரும் பழக்கத்திற்கோ ஆண்டுகள் ஆகும்.

கருவிகள் பெருகிய இக்காலத்தில் புதிய தீங்குகளும் பெருகியுள்ளன. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அதனை அருகே வரவழைக்கின்றனர். தன் எல்லையில் பகைவன் புகுந்தான் என்று எண்ணும் ஆண்பறவை, இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு இல்லாத பகைவனோடு போரிடத் திரிகிறது. ட்ரோன் என்னும் ஆளில்லாப் பறக்கும் கருவியைக் கூடுகளின்மேல் செலுத்துவோரும் உளர். மேலிருந்து வரும் எதனையும் கழுகென்றே பறவைகள் அஞ்சும். அரிய பறவையின் கூடு உள்ள இடத்தை ஒருவர் இணையத்தில் வெளியிட்டால், மறுநாளே பலர் அங்குக் கூடுகின்றனர். முதலில் வந்தவர் மெல்ல நடந்திருக்கலாம். ஐம்பதாவதாக வருபவரும் மெல்ல நடப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

இவ்வாறு கூறுவதால் படக்கருவியையே பகையாகக் கொள்ளல் கூடாது. அதனால் விளையும் நன்மைக்கு மேலூரை அடுத்த அரிட்டாபட்டி சான்றாகும். பாறைக் குன்றுகளும், குடைவரைக் கோயிலும், தமிழிக் கல்வெட்டும், சமணர் படுக்கைகளும் கொண்ட பழமையான ஊர் அது. அதன் குன்றுகளில் லகர் வல்லூறு, ராஜாளிக் கழுகு முதலிய இரைகொல்லிப் பறவைகள் வாழ்கின்றன. பறவை நோக்குவோர் அங்கே ஏறத்தாழ 250 வகைப் பறவைகளைக் கண்டு பதிவு செய்துள்ளனர். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193.21 எக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழித்து அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கு ஏலம் முடிந்தபொழுது, ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. ஒரு குன்றில் என்ன வாழ்கிறது என்று வினவுவோர்க்கு நாள், இடம் குறித்த படம் ஒன்று நூறு சொற்களைவிட உறுதியாக விடை கூறும். “கழுகு உண்டு” என்று சொல்வதை மறுக்கலாம். பாறை விளிம்பில் நிற்கும் கழுகின் படத்தை மறுப்பது கடினம்.

மேலூரிலிருந்து மதுரையை நோக்கிச் சென்றால் யானைமலை தோன்றும். துதிக்கையை நீட்டிப் படுத்த யானையைப்போல் கிடக்கும் அப்பெரும் பாறையை 1858-ஆம் ஆண்டிலேயே ஒருவர் படம் பிடித்துள்ளார். சென்னை அரசின் படப்பிடிப்பாளராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அலுவலர், மாட்டு வண்டிகளில் கருவிகளையும் மருந்துப் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைச் சுற்றினார். மெழுகு ஊட்டிய தாளே அவருக்குப் படச்சுருள். ஒரு படத்திற்குச் சில நிமிடங்கள் வில்லையைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. ஆகவே, அவர் படங்களில் பாறையும் கோயிலும் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றின்மேல் பறந்திருக்கக் கூடிய எந்தப் பறவையும் தெரிவதில்லை. வானமும் வெறுமையாகப் பதிந்தமையால், மேகங்களைத் தம் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். அவர் எடுத்த யானைமலையையும் இன்றைய யானைமலையையும் அருகருகே வைத்து நோக்குவோர், பாறை மாறாதிருப்பதையும் அதன் அடியிலுள்ள நிலம் முற்றிலும் மாறியிருப்பதையும் காண்பர். நிலக்காட்சியைப் படம் எடுப்போர் இன்று எளியதென்று கருதி ஒதுக்கும் கண்மாய்க் கரையும் பனந்தோப்பும், நூறாண்டு கழித்து ஒருவர் தேடும் சான்றுகளாகலாம். அதனால், எடுத்த நாளையும் இடத்தையும் படத்தோடு குறித்து வைத்தல் நன்று.

மாலையில் அதே சாலையில் திரும்புவோர் கருவியைப் பையில் வைத்துவிட்டு வண்டியை மெல்லச் செலுத்துவது நல்லது. பகலின் வெப்பம் தங்கிய சாலையில் பாம்புகள் ஊர்ந்து வரும். கீரியும் குள்ளநரியும் குறுக்கே செல்லும். அவற்றுட் பல சக்கரங்களில் அகப்பட்டு மடிகின்றன. வேட்டங்குடியை நெருங்கும்பொழுது ஒளி அநேகமாக மறைந்திருக்கும். வயல்களில் பகலெல்லாம் இரை தேடிய கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் வரிசை வரிசையாகச் சாலைக்கு மேலே பறந்து கண்மாயை அடையும். அதே வேளையில் இராக்கொக்குகள் மரங்களை விட்டு இரை தேடப் புறப்படும். செல்பவையும் வருபவையுமாக வானம் சிறிது நேரம் நிறைந்திருக்கும். எந்த வில்லைக்கும் அவ்வொளி போதாது. கரையில் ஆடுகளை ஓட்டிச் செல்லும் முதியவர், “விளக்கை அணைச்சிட்டு நில்லுங்க தம்பி, இப்ப எல்லாம் மரத்துல உட்கார்ந்திடும்” என்பார். வண்டியின் விளக்கு அணையும். கால்மணி நேரத்திற்குள் கருவேல மரங்களில் ஆரவாரம் அடங்கும்.